ஒன்றிலிருந்து இருபது வரை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கேம்பஸ் இன்டர்வியூ பற்றிப் பேசுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆள் எடுக்கும் வேலையில் பதினெட்டு வருஷமாக இருப்பவன் என்பதால் கேட்டிருக்கிறார். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வழியாகத்தான் அங்கே வந்து சேருவேன். எங்கள் செட்டுக்குப் பெயரைச் சொன்னாலே போதும். சாம்பியன்ஷிப் மேனேஜர்! (பின்வரிசையில் விசில் சத்தம்.) விசில் அடித்தது யார் என்று தெரியும். பி பிளாக் மாடி.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது கால்பந்து விளையாட்டு, ஆனால் இதில் நாம் பந்தை உதைக்கவே முடியாது. நாம் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை உட்கார வைப்பது, எப்படி நிறுத்துவது, இவ்வளவுதான் நம் வேலை. மீதி எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் வீட்டிலேயே எழுதி, 1992ல் வெளிவந்தது. முதல் பதிப்பில் ஆட்டக்காரர் பெயர்கள் எல்லாம் கற்பனை. அடுத்த பதிப்பில்தான் நிஜப் பெயர்கள் வந்தன. பிறகு எழுதினவர்களும் வெளியிட்ட கம்பெனியும் பிரிந்து போனார்கள். எழுதினவர்கள் 2004 முதல் ஃபுட்பால் மேனேஜர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். நாங்கள் ஆடியது 2001ல் வந்த பதிப்பு. 2008ல் அதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதில் புது ஆட்டக்காரர்களைப் போட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் அறை எடுத்துக்கொண்ட அணி ராச்டேல். மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், கீழ்மட்ட லீக். நண்பர்கள் எல்லோரும் மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் என்று ஆட, நாங்கள் மட்டும் காசில்லாத அணியை இழுத்துக்கொண்டிருந்தோம். 1844ல் கூட்டுறவு முன்னோடிகள் கடை திறந்த ஊர் ராச்டேல் என்று பொருளாதார சார் வகுப்பில் சொன்ன அன்று கடைசி பெஞ்சில் நான்கு பேர் கை தட்டினோம். சார் ரொம்ப சந்தோஷப்பட்டார். கூட்டுறவின் மேல் இவ்வளவு ஆர்வமா என்று நினைத்திருப்பார்! (சிரிப்பு)

அந்தப் பதிப்பில் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மைதானம் கிடையாது, பொம்மைகள் கிடையாது. ஒரு வரி வரும். 'பந்தைப் பிடிக்கிறார்.' இன்னொரு வரி. 'உள்ளே நுழைகிறார்.' 'அடிக்கிறார்...' என்று வந்து ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அந்த ஒரு நொடியில் அறையில் எட்டுப் பேர் மூச்சு விடமாட்டோம். கோல் என்றால் எழுத்து பளிச் பளிச்சென்று மின்னும். வார்டன் கதவைத் தட்டுவார். 2003ல் மேலிருந்து பார்க்கிற மாதிரி புள்ளிகள் ஓடும் ஆட்டம் வந்தது. 2008ல் முப்பரிமாண பொம்மைகளே வந்துவிட்டன. என் அபிப்பிராயம் என்னவென்றால், அந்த வெறும் எழுத்துக்கு இவை ஈடாகாது. ரேடியோவில் கமென்டரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்த விளையாட்டின் பெரிய பலம் ஆட்டக்காரர் விவரம். உலகம் பூராவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், பெரும்பாலும் ரசிகர்கள், மைதானத்துக்குப் போய்ப் பார்த்து எழுதி அனுப்புகிறார்கள். வேகம், பாஸ், தலையால் முட்டுவது, மன உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து இருபது வரை மார்க். நிஜ கிளப்புகளே இதை நாடி வந்தன. 2008ல் எவர்ட்டன் கிளப் இந்த விவரத் தொகுப்பைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. 2014ல் ப்ரோஸோன் நிறுவனம், கிளப்புகள் ஆள் தேடப் பயன்படுத்தும் தன் சாஃப்ட்வேரிலேயே இதைச் சேர்த்தது. விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது.

இனி வயிற்றெரிச்சல் பக்கம்.

இருபத்திரண்டு தடவை நாம் கோலை நோக்கி அடிப்போம். எதிரணி ஒரே தடவை அடித்து ஜெயித்துவிட்டுப் போகும். ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துணைப் பயிற்சியாளரிடம் போனால் பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லுவார். பின்னாளில் பத்திரிகையாளர் சந்திப்பு என்று ஒன்று சேர்த்தார்கள். அதே நாலு கேள்வி, வருஷம் முழுக்க. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் உதவியாளரை அனுப்பிவிடாத ஆட்டக்காரர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். வருஷா வருஷம் புதுப் பதிப்பு என்று காசு வாங்குவார்கள், 2025 பதிப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அந்த வருஷம் பிப்ரவரியில் கைவிட்டே விட்டார்கள். அடுத்தது 2025 நவம்பரில் வந்தது. பெண்கள் கால்பந்து முதன்முறையாக அதில்தான் சேர்ந்தது, நல்ல விஷயம். ஆனால் திரையைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள், எது எங்கே என்று தெரியவில்லை என்று பழைய ஆட்கள் எல்லாம் புலம்பினார்கள். என் பையன் இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டான்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். எனக்கு உள்ள நிஜமான கோபம் வேறு.

ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் நம் கண்ணில் படாத இரண்டு எண்கள் உள்ளே இருக்கின்றன. இன்றைய திறமை இருநூறுக்கு இவ்வளவு, அவன் வாழ்நாளில் எட்டக்கூடிய உச்சம் இருநூறுக்கு இவ்வளவு. இந்த இரண்டாவது எண் ஆட்டம் தொடங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. பதினாறு வயதுப் பையன், உச்சம் நூறு என்று விழுந்தால் நூறுதான். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சரி, எவ்வளவு நம்பிக்கை வைத்தாலும் சரி, நூற்றி ஒன்று ஆகமாட்டான்.

டோன்டோன் ஸோலா மொகோகோ என்ற பெயரைப் பி பிளாக் மறந்திருக்காது. காங்கோவில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்தவர். டெர்பி கவுண்டி கிளப்பின் இளைஞர் அணியில் இருந்தார். நம் கம்ப்யூட்டரில் அவரை வாங்கினால் உலகக் கோப்பைத் தரத்துக்கு ஆடுவார். நிஜத்தில் டெர்பி முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உலகம் முழுவதும் முன்பின் தெரியாத இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள், யாரோ போட்ட ஒரு எண்ணை நம்பி. இன்னொருவர் டோ மதேரா. போர்ச்சுகல் ஆட்டக்காரர், கோல் மழை பொழிவார். விசாரித்தால் அப்படி ஓர் ஆட்டக்காரர் உலகத்திலேயே கிடையாது! எண் மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை.

இதே 2001 பதிப்பில் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். விருப்பப்பட்டால், தெரியாத ஆட்டக்காரனின் எண்களை மறைத்து வைக்கலாம். ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கத்தான் விவரம் திறக்கும். என் அறைத் தோழனுக்கு இது பிடிக்காது. "எதுக்குடா மறைக்கணும்? எல்லாத்தையும் காட்டிட்டா டக்குனு முடிச்சுடலாம்ல?" என்பான். "முடிச்சுடலாம்டா, ஆனா ஆளைப் பார்த்த மாதிரி ஆகாதே" என்பேன். இரண்டு வருஷம் இந்தச் சண்டை. அவன் இன்று பெரிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருக்கிறான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் அதேதான் சொல்கிறான்.

நான்கு வருஷத்துக்கு முன்பு வேறொரு கல்லூரியில் இன்டர்வியூ. கிராமத்துப் பெண். பேச வரவில்லை, கை நடுங்குகிறது. எங்களிடம் ஒரு படிவம் உண்டு. பேச்சு, தன்னம்பிக்கை, பாட அறிவு என்று கட்டம் கட்டமாகப் பத்துக்கு மார்க் போட வேண்டும். கூட இருந்த இருவரும் பேச்சுக்கு இரண்டு, தன்னம்பிக்கைக்கு மூன்று என்று போட்டார்கள். தப்பாகப் போடவில்லை, அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது. மறுநாள் காலை இன்னொரு தடவை கூப்பிடலாம் என்று கேட்டேன். "எதுக்கு சார் டைம் வேஸ்ட்?" என்றார்கள். பதினைந்து நிமிஷம் கெஞ்சி வாங்கினேன். மறுநாள் தமிழிலேயே பேசச் சொன்னோம். அவள் புராஜெக்டை முதலிலிருந்து கடைசி வரை படம் போட்டு விளக்கினாள். எங்கள் மூவருக்கும் தெரியாத ஒரு விஷயத்தையும் சொன்னாள். இப்போது அவள் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து புது ஏற்பாடு வந்திருக்கிறது. மாணவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவே மார்க் போட்டுவிடும், அறுபதுக்குக் கீழே இருந்தால் பெயரே எங்களுக்கு வராது. வேகம், செலவு குறைவு, யாருக்கும் சிபாரிசு கிடையாது. இந்த நியாயங்களை நான் மறுக்கவில்லை. சிபாரிசில் ஆள் எடுத்த காலத்தையும் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பெண் இந்த ஏற்பாட்டில் வந்திருந்தால் அவள் பெயர் என் மேஜைக்கு வந்திருக்காது. அறுபதுக்குக் கீழே வருகிறவர்களில் பத்தில் ஒருவரையாவது நேரில் பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை எழுதியிருக்கிறேன்.

வருகிற ஆகஸ்டில் இதே கல்லூரிக்கு, அந்த மாடி செமினார் ஹாலுக்குத்தான் வருகிறேன். அனுமதி கிடைத்ததா இல்லையா என்பதை நோட்டீஸ் போர்டில் போடச் சொல்கிறேன், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்று வந்தால் அந்தக் கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர முந்தின சனிக்கிழமையே வந்துவிடுகிறேன். முதல்வர் ஐயா ஹாலைத் திறந்துவிட வேண்டும்.

டீ ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ராச்டேல் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் டீக்கு வாருங்கள், சொல்கிறேன்.