வரைபடம் வெளியூர், பொறுப்பு உள்ளூர்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை அறியாதவர் உண்டா? அதை வடிவமைத்தவர்கள் பிரவுன், மவுலின் என்ற லண்டன்காரர்கள். வேலை முடியுமுன்பே, 1957-இல் ஊர் திரும்பிவிட்டார்கள். சென்னையின் எல்.எம். சித்தலே பொறுப்பேற்று முடித்தார். 1959-இல் திறப்பு விழா.

வெளிநாடுகளில் வேலை எடுக்கும் கட்டட வடிவமைப்பு நிறுவனங்கள் இன்று தொடக்கத்திலேயே உள்ளூர்க் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்கின்றன. வரைபடம் தலைமை அலுவலகத்தில். அனுமதி, உள்ளூர் விதி, மேற்பார்வை எல்லாம் கூட்டாளியிடம்.

நம் மொட்டை மாடிப் பழுதுக்கு வந்த விலைப்புள்ளிகளில் உள்ளூர்ப் பொறுப்பாளர் பெயரே இல்லை. மழையில் ஒழுகினால், 70 கொண்டை ஊசி வளைவு ஏறி தேவனூர் நாட்டுக்கு வருவது யார்? அதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.