லாச்சியில் காசு குறைஞ்சா?

தோட்டத்துப் பிள்ளைகளே, கல்முனை பஸாரில் புடைவைக் கடை வைத்திருக்கிறேன். காசாளர் வேலைக்கு வருகிறவர்களிடம், "1,340 ரூபா பில்லுக்கு 2,000 தந்தால் மிச்சம் எவ்வளவு?" என்று கேட்பேன். 660 என்று பட்டென்று சொல்வார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: "பின்னேரம் எண்ணும்போது 500 ரூபா குறைஞ்சா என்ன செய்வீங்க?"

மஸ்கெலியாப் பிள்ளை ஒன்று, "என் காசைப் போட்டுருவேன் முதலாளி" என்றது. நேர்மையான பிள்ளைதான். ஆனா மறைச்சுப் போட்டா பிழை எங்கே என்று எனக்குத் தெரியாமப் போயிடுமே! கொழுந்து நிறுவையில் கிலோ குறைஞ்சா அங்கேயே கேட்கிறீங்கதானே? அதுபோல உடனே சொல்லுங்க. பில்லோடு வைத்துத் திரும்ப எண்ணலாம்.

அந்தப் பிள்ளையை எடுத்தேன். நியமனக் கடிதம் தருவீங்களா, சேமலாப நிதிக்கு என் 8 வீதத்தோடு உங்கள் 12 வீதமும் கட்டுவீங்களா என்று அது கேட்கவேயில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.