லூர் பெட்டியை மூடிட்டு ஆத்தைப் பாருங்க

கோடை தொடங்கிட்டா எனக்கு வர்ற கேள்வியில பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, ஆத்துல ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க எந்த லூர் வாங்கலாம்?" கேக்குறவங்க பெரும்பாலும் ஏரியில மீன் பிடிச்சுப் பழகினவங்க. சனிக்கிழமை விடியக்காலையில நியூ ஜெர்சியிலேருந்தோ மேரிலாண்டிலேருந்தோ கிளம்பி பென்சில்வேனியா ஹாரிஸ்பர்க் வருவாங்க. சஸ்குவஹன்னா ஆத்துக் கரையில நின்னு கண்ட பக்கமெல்லாம் வீசுவாங்க. ஒண்ணும் கடிக்கலைன்னதும் லூரை மாத்துவாங்க. மறுபடி மாத்துவாங்க. மதியத்துக்குள்ள பெட்டியில இருக்கிற அத்தனையும் நனைஞ்சிருக்கும், மீன் மட்டும் வந்திருக்காது.

லூர்ல கோளாறு இல்லைங்க. வீசின இடத்துல மீன் இல்லை, அவ்வளவுதான். ஹாரிஸ்பர்க்குக்குக் கொஞ்சம் மேல ராக்வில் பாலம்னு ஒரு ரயில் பாலம் இருக்கு. 1902-ல கட்டி முடிச்சது, 48 வளைவு, நீளம் 3,820 அடி. அவ்வளவு அகலமான ஆறு. ஆனா ஆழம் கிடையாது. கோடையில பல இடத்துல முழங்கால், இடுப்பு, அவ்வளவுதான். கரையிலேருந்து பாத்தா எல்லாம் ஒரே தண்ணியாத் தெரியும். அதுல பெரும்பகுதி, மீன் பிடிக்கிறவனைப் பொறுத்தவரைக்கும், காலி மனை. மீன் குடியிருக்கிற இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

முதல்ல மீனோட குணம் தெரியணும். ஸ்மால்மவுத் சோம்பேறி கிடையாது, ஆனா கணக்குப் பாக்குற மீன். வேகமா ஓடுற தண்ணியில நின்னுக்கிட்டே இருந்தா, தின்ன தீனியெல்லாம் நீச்சலுக்கே செலவாயிடும். நின்ன தண்ணியில போய்ப் படுத்தா தீனி வந்து சேராது. அதனால அது தேர்ந்தெடுக்கிற இடம் ரெண்டுக்கும் நடுவுல. வேகமான தண்ணியும் மெதுவான தண்ணியும் உரசிக்கிற ஒரு கோடு இருக்கும் பாருங்க, அந்தக் கோட்டுக்கு மெதுவான பக்கத்துல நிக்கும். வேகமான பக்கத்துல நண்டோ சின்ன மீனோ அடிச்சுக்கிட்டு வந்தா சட்டுன்னு உள்ளே பாய்ஞ்சு கவ்விட்டு, திரும்பத் தன் இடத்துக்கே வந்துடும்.

அந்தக் கோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நுரையைப் பாருங்க. தண்ணி மேல மிதந்து வர்ற நுரை, இலை, சருகு எல்லாம் அந்தக் கோட்டுலதான் வரிசை கட்டும். நுரை எந்த வழியில வருதோ, தண்ணிக்கு அடியில தீனியும் ஏறக்குறைய அந்த வழியிலதான் வருது. வெயில் கண்ணாடி போட்டுக்கங்க. போலரைஸ்டு கண்ணாடியா இருக்கணும், சாதாரணக் கண்ணாடி உதவாது. தண்ணி மேல அடிக்கிற கூசல் போயிட்டா அடியில இருக்கிற பாறையும் பள்ளமும் தெரிஞ்சுடும். லூர் வாங்க வச்சிருக்கிற காசுல பாதியை இந்தக் கண்ணாடிக்குப் போடுங்கன்னு நான் சொல்லுவேன்.

அடுத்து பாறை. ஆத்து நடுவுல ஒரு பாறை இருந்தா எல்லாரும் பாறைக்குப் பின்னாலதான் வீசுவாங்க. அங்க தண்ணி சுழிச்சு அமைதியா இருக்கும், மீனும் இருக்கும், தப்பில்லை. ஆனா பாறைக்கு முன்னால, தண்ணி வந்து மோதுற பக்கத்துல, ஒரு சின்ன மெத்தை மாதிரி அமைதியான இடம் உண்டு. மோதின தண்ணி திரும்பித் தள்றதால உண்டாகுறது அது. தீனி முதல்ல அங்கதான் வந்து சேரும். என் அனுபவத்துல பெரிய மீன் அந்த முன்பக்கத்தைத்தான் பிடிச்சு வச்சிருக்கும், சின்னதுங்க பின்னால நிக்கும். அதனால முன்னால முதல்ல வீசுங்க, அப்புறம் ரெண்டு ஓரம், கடைசியா பின்னால.

சஸ்குவஹன்னாவுக்குன்னு இன்னொரு விசேஷம் இருக்கு. ஆத்துக்குக் குறுக்க வரிசை வரிசையாப் பாறைத் திட்டு ஓடும். தண்ணி ஒவ்வொரு திட்டையும் தாண்டி விழுந்து, அடுத்த திட்டு வரைக்கும் ஒரு பள்ளமா நிக்கும். அந்தத் திட்டுல எங்கயாவது உடைசல் இருக்கும், தண்ணி அது வழியா நாக்கு நீட்டின மாதிரி இறங்கும். அந்த நாக்கோட ரெண்டு ஓரமும் நல்ல இடம். ஜூலை, ஆகஸ்ட் வெயில்ல தண்ணி சூடாகும்போது மீன் இந்த மாதிரி சலசலக்கிற இடத்துக்கே வந்துடும், ஏன்னா அங்க பிராணவாயு அதிகம், தீனியும் அதிகம். ரெண்டடித் தண்ணியில பெரிய மீன் நிக்குமான்னு கேப்பாங்க. நிக்கும்.

வீசுற திசை ரொம்ப முக்கியங்க. தீனி எப்பவும் மேல் பக்கத்திலேருந்து கீழ் பக்கமா வரும், மீனும் மேல் பக்கம் பாத்துத்தான் நிக்கும். நீங்க கீழ நின்னு, நீரோட்டத்துக்கு எதிரா, கொஞ்சம் சாய்வா மேல வீசணும். லூர் தண்ணியோட சேந்து அது பாட்டுக்கு உருண்டு வரட்டும். நீங்க நரம்புல தொய்வு விழாம மட்டும் சுத்திக்கிட்டே வாங்க. இழுக்காதீங்க. தண்ணி இழுக்கிற வேலையை நீங்க எதுக்குச் செய்யணும்? நரம்பு ஓட்டத்தோட வராம ஒரு நொடி நின்னாலோ, பக்கவாட்டுல நகர்ந்தாலோ, சுண்டுங்க. பாறையா இருந்தா ஒரு லூர் போகும். போகட்டும். அடியில லூர் சிக்கவே இல்லைன்னா அடி வரைக்கும் போகலைன்னு அர்த்தம்.

சரி, இப்போ லூருக்கு வரேன், கேட்டுக்கிட்டே இருக்கீங்க. இந்த மீனோட முக்கியமான சாப்பாடு கிரேஃபிஷ். ஆத்துக் கல்லுக்கு அடியில இருக்கும், பாக்கக் குட்டி சிங்கி இறால் மாதிரி. ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க, என்ன நிறத்துல இருக்குன்னு தெரிஞ்சுடும். அதே நிறத்துல ட்யூப், இல்லைன்னா சின்ன நெட் ரிக், எட்டுல ஒரு அவுன்ஸ் ஈயத்தலை. ஓட்டம் அதிகமா இருந்தா கால் அவுன்ஸ். தண்ணி மேல அடிக்க ஒரு பாப்பர். கலங்கல் தண்ணிக்கு ஒரு ஸ்பின்னர்பெயிட். குளிர் காலத்துக்கு ஒரு ஜெர்க்பெயிட். ஒரு சட்டைப் பையில அடங்கிடும். கம்பு ஆறரை அடியிலேருந்து ஏழு அடி, மீடியம் ஸ்பின்னிங். பத்து பவுண்டு பின்னல் நரம்பு, நுனியில எட்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன். போதும்.

ஃப்ளை கம்பு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். உலகம் முழுக்கக் கடல்லயும் ஆத்துலயும் வீசுற க்ளவுசர் மின்னோங்கிற ஃப்ளை இருக்கே, அது இந்த ஆத்துல பிறந்தது. ஹாரிஸ்பர்க்குக்குக் கீழ மிடில்டவுனைச் சேர்ந்த பாப் க்ளவுசர் இந்த ஸ்மால்மவுத்துக்காகவே அதைக் கட்டினாரு. ரெண்டு ஈயக் கண்ணு வச்சதால தலை கீழ இறங்கும், முள் மேல் பக்கம் பாத்து நிக்கும், அதனால பாறையில அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. அதுக்குப் பேரு வச்சவர் லெஃப்டி க்ரே. பொடோமாக் ஆத்து ஸ்மால்மவுத்துல கை தேர்ந்தவர், 2018-ல காலமானார்.

பொடோமாக்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த மீன் இந்தப் பக்கத்து ஆறுங்களுக்குச் சொந்தம் கிடையாது. இதோட பூர்வீகம் ஒஹையோ, டென்னசி, மேல் மிசிசிப்பி, பெரிய ஏரிங்க. 1854-ல வில்லியம் ஷ்ரைவர்னு ஒருத்தர், ரயில் எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற தண்ணித் தொட்டியில கொஞ்சம் மீனைப் போட்டு ஒஹையோ பக்கத்திலேருந்து மலை தாண்டிக் கொண்டாந்தாரு. கம்பர்லாண்ட்ங்கிற ஊர்ல கால்வாயில விட்டாரு. அங்கிருந்து பொடோமாக் முழுக்கப் பரவிடுச்சு. இன்னைக்கு நாம மணிக்கணக்கா கார் ஓட்டி அதைத் தேடி வரோம்.

மழைக்குப் பிறகு போகலாமான்னு கேப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்போட நீர்மட்ட அளவைப் போன்லயே பாத்துடுங்க. ஹாரிஸ்பர்க் அளவுகோல் கோடையில 3 அடி, 4 அடின்னு காட்டினா இறங்கி நடக்கலாம். அதுக்கு மேல விறுவிறுன்னு ஏறிக்கிட்டிருந்தா தண்ணியில கால் வைக்காதீங்க. வெள்ள அபாய அளவு 17 அடிங்கிறதால "இன்னும் எவ்வளவோ இருக்கே"ன்னு நினைக்கிறவங்க உண்டு. அது ஊருக்குள்ள தண்ணி வர்ற கணக்கு, உங்க காலை வாரிவிட அதுல பாதி கூட வேண்டாம். ஆனா கரையிலேருந்து பிடிக்கலாம். ஆறு ஏறும்போது மீனும் நடுவுல நிக்க முடியாம கரையோரம் ஒதுங்கும். புல்லு, விழுந்த மரம், ஓடை வந்து சேர்ற மூலை, இதெல்லாம் பாருங்க. இதைவிட நல்ல நேரம், ஏறின தண்ணி வடிஞ்சு தெளிய ஆரம்பிச்சு, பச்சை கலந்து நிக்கிற ரெண்டு மூணு நாள். அந்த மாதிரி நாள்ல அலுவலகத்துக்கு என்ன சொல்லணும்னு நான் சொல்லித்தர மாட்டேன்.

கோடையில மீன் பிடிக்க நல்ல நேரம் காலையும் சாயங்காலமும்தான். ஜூலைக் கடைசியிலயும் ஆகஸ்ட்லயும் இருட்டுற நேரத்துல வெள்ளைப் பூச்சி கிளம்பும், பனி கொட்டுற மாதிரி இருக்கும். மீன் மேல வந்து தின்னும். அப்போ பாப்பரைக் கட்டுங்க. மேல அடிச்ச சத்தம் கேட்டதும் சுண்டிடாதீங்க, கம்புல கனம் தெரியுற வரைக்கும் பொறுங்க. அக்டோபர்ல தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறங்க இறங்க, மீன் கூட்டமா ஆழமான மடுவைத் தேடிப் போகும். நல்ல பெரிய மீனுக்கு எனக்குப் பிடிச்ச காலம் அதுதான். 40 டிகிரிக்குப் பக்கத்துல போயிட்டா மடு அடியில அசையாம கிடக்கும், லூரை அதோட மூக்குக்கு முன்னால வச்சு அப்படியே விடணும்.

வசந்த காலத்துக்கு ஒரு வேண்டுகோள். தண்ணி 60 டிகிரி தாண்டினதும் ஆண் மீன் கூழாங்கல்லை வாலால கூட்டி வட்டமாக் குழி பண்ணும். பெண் முட்டை போட்டுட்டுப் போயிடும். முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிறது ஆண்தான். பசிக்காக இல்லை, விரட்டுறதுக்காகவே எதையும் கடிக்கும், அதனால பிடிக்கிறது ரொம்ப சுலபம். நீங்க அதைத் தூக்கிப் போட்டோ எடுக்கிற ஒரு நிமிஷத்துல மத்த மீனுங்க குழியைக் காலி பண்ணிடும். வெளிர் வட்டம் கண்ணுல பட்டா சுத்திக்கிட்டுப் போங்க.

சஸ்குவஹன்னாவுல 2005-ல குஞ்சு மீன்கள் நோய் வந்து ஏராளமா செத்துது. அதுக்கப்புறம் மீன் தொகை நல்லா விழுந்துடுச்சு, திரும்பி வர பல வருஷம் ஆச்சு. அதனாலதான் சன்பரிலேருந்து ஹோல்ட்வுட் அணை வரைக்கும், ஜூனியாட்டா ஆத்தோட கீழ்ப்பகுதியிலயும், பிடிச்ச பாஸை உடனே விட்டுடணும்னு விதி வந்தது. பென்சில்வேனியா விதிப் புத்தகம் வருஷா வருஷம் மாறும், ஒரு தடவை படிச்சுட்டு வாங்க. 16 வயசு ஆன எல்லாருக்கும் உரிமம் வேணும். ஆத்துல இருபது அங்குலம் வளர்ந்த மீன் பல வருஷம் வாழ்ந்தது. குழம்புக்கு வேற மீன் வாங்கிக்கலாங்க. விடும்போது கை நனைச்சுக்கங்க, தாடையைப் பிடிச்சுத் தொங்க விடாம வயித்துக்கும் கை கொடுங்க. முள்ளோட காதைக் குறடால முன்கூட்டியே அமுக்கி வச்சா கழட்ட ரெண்டு நொடி போதும்.

ஆத்துல இறங்கி நடக்கிறதுல சில விஷயம். பாறை வழுக்கும், காலைத் தூக்கி வைக்காதீங்க, தேச்சுத் தேச்சு நகருங்க, கையில ஒரு ஊன்றுகோல் இருக்கட்டும். மேரிலாண்ட் பக்கம் போறவங்க, 2011-லேருந்து அங்க கம்பளி அடி வச்ச பூட்ஸுக்குத் தடை, ரப்பர் அடி வாங்குங்க. விழுந்துட்டா எழுந்து நிக்கப் பாக்காதீங்க, கால் பாறை இடுக்குல சிக்கிடும். மல்லாக்கப் படுத்து, காலை ஓட்டம் போற பக்கமா நீட்டி, ஓரத்துக்கு நீந்துங்க.

இன்னொண்ணு ஹாரிஸ்பர்க் டாக் ஸ்ட்ரீட் அணை. மேல் பக்கத்திலேருந்து படகுல வந்தா அது கண்ணுக்கே தெரியாது, தண்ணி சமமா ஓடுற மாதிரிதான் இருக்கும். தாண்டி விழுந்தா அடியில தண்ணி உருட்டி உருட்டி உள்ளேயே வச்சுக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டவங்களையும் விடாது. அங்க பல உயிர் போயிருக்கு. அணைக்கு மேல எச்சரிக்கை மிதவை பாத்தீங்கன்னா அதுதான் எல்லை, அதுக்கு முன்னாடியே கரை சேந்துடுங்க. கயாக்குல வர்றவங்க நவம்பர் 1-லேருந்து ஏப்ரல் 30 வரைக்கும் ஜாக்கெட்டைப் போட்டே இருக்கணும்ங்கிறது பென்சில்வேனியா சட்டம். மத்த மாசத்துல பெரியவங்க படகுல வச்சிருந்தா போதும்னு சட்டம் சொல்லுது. நான் போட்டுக்கத்தான் சொல்லுவேன்.