எண்ணெயை அடக்கும் வளையம்



மோட்டார் எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும் என்பது சிறுவருக்கும் தெரியும். அவ்வெண்ணெய் செல்லக்கூடாத இடம் ஒன்று உண்டு என்பதும், அங்கே அதைச் செல்லவொட்டாமல் தடுப்பது ஒரு மெல்லிய வளையமே என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அவ்வளையத்தைப் பொருத்தும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் ஆகையால், பட்டறைப் பேச்சோடு வகுப்பறைப் பேச்சும் கலந்துவிட்டால் பொறுத்தருள்க.

உதாரணமாக, இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியார் 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 என்னும் காரோடு காட்டிய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டம் 83 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 106 மில்லிமீட்டர். இவ்வெஞ்சினின் வகைகளைத் தாங்கிய கார்கள் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 1951-க்கும் 1957-க்கும் இடையே ஐந்து முறை வென்றன. 1992 வரை உற்பத்தியில் இருந்த இதனைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வலர் இன்றும் பலர்.

கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு 5000 முறை சுழலும்போது பிஸ்டன் 10,000 தடவை சிலிண்டரைக் கடக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: நிமிஷத்துக்கு 1060 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர். அதுவும் ஒவ்வொரு கோடியிலும் ஒரு கணம் நின்று திரும்பி! இவ்வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உராயாதிருக்கச் சுவரின் மீது எண்ணெய்ப் படலம் வேண்டும். அதன் கனம் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால், கீழே சுழலும் கிராங்கோ மழைபோல் எண்ணெயை வாரி இறைக்கிறது. மிகுந்ததை வழித்து, பிஸ்டனின் துளைகள் வழியே கீழே திருப்பி அனுப்புவதே ஆயில் ரிங்கின் தொழில். முழுவதையும் வழித்துவிட்டால் சிலிண்டர் தேய்ந்து கெடும். சற்று அதிகமாக விட்டுவிட்டால் எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும்.

பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் வாயுவை அடைப்பவை. கீழே உள்ளதுதான் ஆயில் ரிங். புதுப்பிக்கும்போது இக்காலத்தில் பெரும்பாலும் பொருத்தப்படுவது மூன்று உறுப்புகள் கொண்டது: மேலும் கீழும் இரு மெல்லிய எஃகு வளையங்கள், நடுவே அவற்றை வெளிநோக்கித் தள்ளும் நெளிவான வில். முதலில் காடியில் வில்லை அமர்த்த வேண்டும். அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டுமேயன்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடலாகாது. ஏறினால் வில்லின் சுற்றளவு குறையும், அழுத்தம் போய்விடும், எஃகு வளையங்கள் சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். வாரக்கணக்கில் உழைத்து எஞ்சினைப் பூட்டிக் காரில் ஏற்றிய பிறகே புகை எழும். அப்பொழுது மறுபடியும் அனைத்தையும் பிரிப்பதன்றி வேறு வழியில்லை. இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் இரு முனைகளுக்கும் வெவ்வேறு வர்ணம் தீட்டுகிறார்கள். இரண்டு வர்ணமும் கண்ணுக்குத் தெரிந்தால் சரி. இது மிக நல்ல யோசனை என்பது என் அபிப்பிராயம். வில் நீளமாகத் தோன்றுகிறதென்று முனையை வெட்டுவோரும் உளர். அது கூடவே கூடாது.

பின்னர் எஃகு வளையங்களைச் சுற்றிச் செலுத்தி, அவற்றின் இடைவெளிகள் நேருக்கு நேர் வராதபடி விலக்கி வைக்க வேண்டும். விரலால் சுழற்றினால் சிறு தடையோடு எளிதில் சுழல வேண்டும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்குமுன், வில்லின் முனைகளை மீண்டும் ஒரு முறை பார்ப்பதே தேர்ந்த கைக்கு அடையாளம்.

சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்றே மாணவர் பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஹோனிங் கல்லால் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் இட வேண்டும். அக்கோடுகளில் எண்ணெய் தங்கும். புதிய ரிங்கும் அவற்றின் மீது உரசித்தான் சுவரோடு பொருந்துகிறது. கல்லின் பொடி கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் மட்டும் போகாது. வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படாதவரை துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

எஞ்சின் கிளம்பியபின் அதை நெடுநேரம் நின்ற இடத்திலேயே மெல்ல ஓடவிடுவதும் தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் வாயுவின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. சுமையின்றி ஓடும் எஞ்சினில் அது போதாது. மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் சாலையில் ஓட்டுவதே முறை.

இத்தனைக்கும் பிறகு புகை வந்தால், ரிங்கை மட்டும் பழிக்க வேண்டாம். வால்வுத் தண்டைத் தாங்கும் கைடு தேய்ந்திருந்தாலும் எண்ணெய் உள்ளே இறங்கும். மேட்டில் சுமையோடு ஏறும்போது தொடர்ந்து புகை வருமாயின் ரிங்கைச் சந்தேகிக்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மீண்டும் அழுத்தியதும் ஒரே வீச்சாக நீலப்புகை எழுந்து மறையுமாயின், முதலில் கழற்ற வேண்டியது சிலிண்டர் ஹெட்டையே.