மடக்கையும் அடுக்கும்

ஐந்து 2-களைத் தம்முள் பெருக்கினால் 32 கிடைப்பதை 2-இன் 5-ஆம் அடுக்கு என்று எழுதும் கணிதம், 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 32 வரும் என்று கேள்வியைத் திருப்பிப் போடும்போது, விடையாகிய 5-ஐ, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 32-இன் மடக்கை என்கிறது. மடக்கை என்பது அடுக்கேயன்றி வேறன்று. அடிமானம் ஒன்றாயிருக்கும் எண்களைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுவதால், 8-ஐ 32-ஆல் பெருக்க விரும்புபவர், அவற்றின் மடக்கைகளான 3-ஐயும் 5-ஐயும் கூட்டி, 2-இன் 8-ஆம் அடுக்கான 256-ஐ எடுத்துக்கொண்டால் போதும்.

கணக்கிடும் உழைப்பைக் குறைக்கும் இவ்வசதிக்காகவே ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். பாடநூல்கள் அடுக்கிலிருந்தே மடக்கையை வருவித்தாலும், நேப்பியர் அதை அடுக்குகளைக் கொண்டு வரையறுக்காமல், இரு கோடுகளில் நகரும் புள்ளிகளைக் கொண்டு வரையறுத்தார் என்பது வியப்புக்குரியது. அடுக்குக்கும் மடக்கைக்கும் உள்ள உறவை இன்றைய வடிவில் தெளிவாக வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் லியோனார்டு ஆய்லர்.

மடக்கைகளைக் கூட்டும் விதி பெருக்கற்பலனுக்குப் பொருந்துமேயன்றிக் கூட்டற்பலனுக்குப் பொருந்தாது. 8-உம் 32-உம் கூடிய 40-இன் மடக்கை 8 ஆகாது என்பதை மாணவர் கருத்தில் கொள்ள வேண்டும்.