அம்மா கேட்ட கேள்வி

தேவ அழைத்தல் வானிலிருந்து வரும் குரல் என்றே இளமையில் எண்ணியிருந்தேன்.

1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார ஆண்டகை தாமே விரும்பி வறிய ஊவாவுக்கு வந்தார். குருமாணவர்கள் கிராமத்திலும் தோட்டத்திலும் சனங்களோடு வாழ்ந்தே கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகப் பண்டாரவளையில் 'சேவக செவன'வை நிறுவினார்.

1974 பஞ்சகாலம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாவிடம் என் விருப்பத்தைச் சொன்னேன்.

"ஏப்பா, சனத்துக்காகப் போறியா, இந்த லயத்தவிட்டுத் தப்பப் போறியா?"

பதில் வரவில்லை. பங்குச் சுவாமியிடம் சொன்னேன். "பதில் கிடைத்தபின் வா" என்றார்.

அந்த வருடம் லயம் லயமாக நடந்தேன். கடிதம் எழுதிக் கொடுத்தேன், நோயாளிகளைத் தூக்கினேன், பசியால் மாண்ட குழந்தைகளைப் புதைத்தேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா சென்ற அயலவர்களை ஒப்பாரிக் கோச்சியில் ஏற்றிவிட்டேன். எஞ்சியவர்களை விட்டுப்போக மனம் ஒப்பவில்லை. அதுவே பதில் என்று தெரிந்தது.

அம்மா மறுபடி கேட்கவில்லை. பெட்டியை அவரே கட்டித் தந்தார்.

பண்டாரவளையில் சேர்ந்ததும் படிப்புக்காக என்னை முதலில் அனுப்பிய இடம், இன்னொரு தோட்டத்து லயம்.