பரம்பரை அறங்காவலரும் சொத்துரிமையும்

பாட்டனார் நிர்வகித்த கோயில் நிலம் இன்று பேரனின் பொறுப்பில் இருக்கிறது. பட்டாவிலும் அவர் பெயரே காணப்படுகிறது. எனில், அந்நிலத்தில் அவருக்கு முழு உரிமை உண்டா? வருவாய்த்துறை அலுவலர்கள் அடிக்கடி சந்திக்கும் வினா இது.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டத்தைப் பயின்ற மாணவர், "உண்டு, ஆனால் கடமையுடன்" என விடையளிக்கக்கூடும். தனியார் டிரஸ்டைப் பொறுத்தவரை அது சரியே. உரிமைப் பத்திரங்களைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையையும் 31ஆம் பிரிவு டிரஸ்டிக்கு அளிக்கிறது. ஆனால் சமய அறநிலையங்கள் அச்சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. பலரும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

1921இல் வித்யா வாருதி தீர்த்தர் வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவுபடுத்தியது. மடாதிபதியோ தர்மகர்த்தாவோ ஆங்கிலச் சட்டம் கருதும் டிரஸ்டி அல்லர். சொத்து தெய்வத்துக்கோ நிறுவனத்துக்கோ உரியது. அவர் நிர்வாகி மட்டுமே. திருமலைக் கோயிலை 1843 முதல் 1933 வரை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வகித்தனர். அத்தொண்ணூறு ஆண்டுகளும் கோயில் சொத்தை மடத்தின் சொத்தாக்கிவிடவில்லை.

தடாவில் இவ்வினா இன்னும் சுவையானது. 1953 வரை தடாவுக்கும் தெற்கேயுள்ள ஆரம்பாக்கத்துக்கும் சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் ஒன்றே. இன்று எல்லைக்குத் தெற்கே, 1959ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி, பரம்பரை அறங்காவலர் பதவி நீடிக்கிறது. வடக்கே, 1987ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம் அதை ஒழித்துவிட்டது. பன்னாலால் பன்சிலால் பிட்டி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அவ்வொழிப்பு செல்லும் என்றது; எனினும், நிறுவியவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அறங்காவலர் குழுவின் தலைமையில் இடமளிக்க வழிசெய்தது. கொடையாளரின் எண்ணத்தை அறவே புறக்கணிக்காத இத்தீர்வு நியாயமானதே. பதவி இருந்தாலும் ஒழிந்தாலும், ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்க இருபுறமும் இயலாது.

உண்மையான சிக்கல் பதிவேடுகளில் எழுகிறது. "இன்ன கோயில், அறங்காவலர் இன்னார்" என்றிருந்த பதிவில், படியெடுக்கும்போது கோயிலின் பெயர் விடுபட்டு ஆளின் பெயர் மட்டும் எஞ்சிவிடுவதுண்டு. வாரிசுகள் அதையே சான்றாகக் காட்டுவர். பட்டா உரிமை மூலம் அன்று. வாரிசுச் சான்றிதழுடன் பட்டா மாற்றம் கோரும் மனு வரும்போது, 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேட்டில் அந்நிலம் எவர் பெயரில், எப்பணிக்காக வழங்கப்பட்டது என்பதையே அலுவலர் முதலில் பார்க்க வேண்டும்.